பிரிக்காத பிரியாணி

இல்ல சார், எனக்குச் சாயா வேண்டாம். இந்தச் சந்தனமாரி ஏசிக் குளிர் வாங்கத்தான் மேல வந்தாள்னு நெனச்சாலும் பரவால்ல, கதவைச் சாத்திக்கிடுதேன். தமிழ் புரியும்லா? ஆறு மாசமா எங்களைத் தமிழ்லதான ஏசுதிய, புரியாம இருக்குமா.

கீழ நெலமையைச் சொல்லுதேன். தளம் பாதி போட்டாச்சு, மீதி வெறும் கம்பியா நிக்கு. சாப்பாட்டு நேரம் முடிஞ்சும் ஒருத்தரும் எந்திரிக்கல. கடல் பக்கம் வானம் கருத்துட்டு வருது. இப்ப விட்டா போட்ட பாதி இறுகிரும், அப்புறம் போடுதது அதோட ஒட்டாது, மழைக்கு அந்த இடுக்குல ஒழுகும். இந்தப் பழைய மிளகுக் கிடங்கை ஓட்டலாக்கி என்ன செய்ய? ரூம் எடுக்கவன் கட்டில்ல குடை பிடிச்சுல்லா படுக்கணும். உங்க வேலையும் அந்தத் தண்ணியோட போயிரும்.

பிரியாணியா? வந்துச்சே, பொட்டலம் பொட்டலமா. ஒருத்தரும் பிரிக்கல சார். நாய் மட்டும் ஆசையா பாத்துட்டுக் கெடக்கு.

சேச்சே, மட்டாஞ்சேரி பிரியாணியைக் குத்தம் சொன்னா நாக்கு அழுகிரும். இது வேற. வார்க்க அன்னைக்கு, அதான் தளம் போடுத நாளு, வேலையை நடத்துதவரு தன் கையால பரிமாறுவாரு. அப்புறம் கூடவே உக்காந்து திம்பாரு. அதுவரைக்கும் ஏசினதெல்லாம் அந்தச் சோத்தோட செரிச்சிரும். நீங்க என்னடான்னா போன் போட்டுப் பொட்டலம் வரவழைச்சுட்டு மேல வந்து உக்காந்துக்கிட்டிய.

செவத்துல மாட்டின அந்த மூஞ்சிச் சார்ட்டா? ஆமா, எல்லாரும் சிரிச்ச மூஞ்சிதான் ஒட்டினோம். லீடருக்கு அடுத்தவன் மனசு தெரியணும்னு காக்கநாட்டுல என்னமோ வகுப்புக்குப் போயிட்டு வந்து, அவங்கவங்க மனசு எப்படி இருக்குன்னு ஆளுக்கொரு மூஞ்சிப் படம் அதுல ஒட்டச் சொன்னிய. சம்பளம் போடுதவரு முன்னால எவன் சார் அழுத மூஞ்சியை ஒட்டுவான்? ஒச்சப்பன் அண்ணன் அன்னைக்குப் பல்லுவலில தாடை வீங்கிக் கெடந்தாரு, அவரும் சிரிப்புதான். நீங்க அதைப் போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பினிய பாருங்க, நெசமாவே அப்பத்தான் சார் சிரிச்சோம்.

யாரு எந்திரிக்க வேண்டாம்னு சொன்னதா? நான்தான்.

இருங்க, கோவப்படாதிய. போன வாரம் தளத்துக்கு அடிப்பலகை அடிக்கையில எல்லாரு முன்னாலயும் ஒருத்தரை மாட்டுக்கு இருக்க மூளைகூட இல்லைன்னு ஏசினியளே, முத்துவேலு, அவரு எங்க வீட்டுக்காரரு சார். தெரியாதா? தெனம் ரெண்டு பேரும் உங்க கண்ணு முன்னால ஒரே தூக்குச்சட்டிலதான் திங்கோம். அளவு தப்பினது நெசம்தான். மாட்டு மூளைன்னு நானும்தான் சொல்லுவேன், அது வீட்டுக்குள்ள. அன்னையில இருந்து மனுசன் எங்கிட்டச் சண்டைகூடப் போடல. சோத்தைப் போட்டா திங்காரு, சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிடுதாரு. எனக்குத் தாங்கல சார்.

மன்னிப்பெல்லாம் கேட்டிராதிய, கூச்சப்பட்டு எந்திரிச்சு ஓடிருவாரு. கீழ வாங்க. எல்லாப் பொட்டலத்தையும் ஒரு அண்டாவுல கொட்டிரலாம், இலையும் வாங்கியாந்துட்டேன். முதல் இலை அவருக்கு, உங்க கையால. அடுத்த இலைல நீங்க. அவரு தின்னுட்டு வேலைக்கு எந்திரிச்சா எல்லாரும் எந்திரிப்பாவ, மழைக்கு முன்னாடி முடிச்சிரலாம்.

அப்புறம் சார், ஊறுகா அவருக்கு ஆகாது. ரொம்ப நாளாத் தெரிஞ்சவரு மாதிரி வைக்காமத் தாண்டிப் போங்க.