மூச்ச விடுங்க

—எனக்குச் சரியா ஞாபகம் இருக்கான்னு சந்தேகந்தான், கண்ணு. நான் ஒண்ணு சொல்லுவேன், உங்கம்மா வந்து அப்படி நடக்கவே இல்லைம்பா.

—பரவாயில்லப்பா, உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க. அம்மாவப் பத்தி நாலு வரி அனுப்புன்னு நூலகத்துல கேட்டிருக்காங்க. சாயங்காலம் அங்க அவங்க எடுத்த படங்களோட கண்காட்சி ஆரம்பிக்கறப்ப படிப்பாங்களாம். லீவுதான் கெடைக்கல, இதையாவது ஒழுங்கா பண்றேன்.

—அப்ப எழுதிக்கோ. உங்கம்மா ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறவ.

—அது எனக்குத் தெரியாதாப்பா?

—கேக்கறவங்களுக்குத் தெரியணுமில்ல. பொழுது விடிஞ்சா ஒரு இருட்டு ரூம். ஊர்ல பாதிப் பேரோட வெலா எலும்பு அவளுக்குத் தெரியும், மொகம் தெரியாது. ஆனா கல்யாணத்துக்கு முன்னாடி கேமராவும் கையுமா அலைஞ்சவ. காலேஜ் மலர்ல அவ எடுத்த படம் வரும், அதுக்குக் கீழ அவ எழுதினது வரும்.

—அப்புறம் ஏன் விட்டாங்க?

—யாரும் விடச் சொல்லல, கண்ணு. சொல்லியிருந்தா சண்ட போட்டாவது வச்சிருப்பா. நீ பொறந்தே. எனக்கு மாறி மாறி ஷிப்ட். வீடு வேற மாத்தினோம். கேமரா பரணுக்குப் போச்சு, எழுத்து மளிகை லிஸ்டுக்குப் போச்சு. நானும் ஒருநாள் கேட்டதில்ல.

—சரி, திரும்ப எப்படி ஆரம்பிச்சாங்க?

—நீ ஆசப்பட்டு வாங்கி, மூணு நாள்ல அலுத்துப்போய் அலமாரியில போட்டுட்டுப் போனியே, அந்தக் கேமரா. தூசி தட்டறேன்னு கையில எடுத்தா, திரும்பக் கீழ வைக்கல. நான்தான் அத அவ கையில எடுத்துக் குடுத்தேங்கிறா. எனக்கு அப்படி ஞாபகமில்ல. குடுத்திருந்தா நல்லாத்தான் இருக்கும்.

—குடுத்தீங்கன்னே எழுதிடறேன். எடுத்த உடனே நல்லா வந்துதா?

—அட நீ வேற. பழக்கதோஷம் விடுமா? கீழ் வீட்டுத் தையல்காரர நிக்க வச்சு, ‘தாடையத் தூக்குங்க, மூச்ச இழுங்க, அடக்குங்க, அசையாதீங்க’ன்னா. மனுஷன் கொடிக்கம்பம் மாதிரி நிக்கறார். மாடி வீட்டு வாத்தியாருக்கும் அதேதான். எல்லா மொகமும் ரிசல்ட்டுக்குக் காத்துக் கெடக்கற மொகம். ‘எலும்பு முறிவு ஒண்ணும் தெரியலியே’ன்னு சொல்லி வச்சேன்.

—அடப்பாவமே. அம்மா என்ன சொன்னாங்க?

—அன்னிக்குக் காபி ஆறிப்போய் வந்துது.

—ஹ்ம், வேணும் உங்களுக்கு.

—ஆனா விடல பாரு, அதச் சொல்லணும். தையல்காரர் வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனா. ஒருநாள் ‘சரி, மூச்ச விடுங்க’ன்னு சொல்லிட்டு, கைதவறி இன்னொரு தடவ அமுக்கிட்டா. அதுலதான் படம் விழுந்துது. படம் முடிஞ்சுதுன்னு நெனச்சு விட்ட மூச்சு. அப்ப அந்த மனுஷன் வாயிலேர்ந்து ஒரு வார்த்த வந்துது, ‘காலர் சரியா இருக்கா? கேக்க ஆளில்ல.’

—அவர் சம்சாரம் போனப்புறமா?

—ஆமா. உங்கம்மா ஓடி வந்து, மறந்துடப் போறோம்னு மாத்திர அட்டைக்குப் பின்னாடி அதக் குறிச்சு வச்சா. அப்புறம் உக்காந்து எழுதினா. அன்னிக்கு நைட்டு சாப்பாடு நான்தான் செஞ்சேன், அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. அதுலேர்ந்து அதுதான் வழக்கம். எல்லாரையும் மூச்சடக்கச் சொல்லுவா, எடுக்க மாட்டா. விடச் சொல்லித்தான் எடுப்பா. விட்டதும் வர்ற மொத வார்த்ததான் தலைப்பு.

—தையல்காரருக்கு என்ன எழுதினாங்க?

—‘ஊருக்கெல்லாம் அளவெடுத்தவர். தன் கழுத்தின் அளவு மட்டும் அவருக்குத் தெரியாது. அது இன்னொருவரின் விரல்களில் இருந்தது.’

—அப்பா.

—ம்.

—அம்மாவா எழுதினாங்க?

—உங்கம்மாதான். கூடவே குடித்தனம் பண்ணினேன், எனக்கே தெரியல. இவ்வளவும் உள்ள வச்சுக்கிட்டு எனக்கு ரசம் போதுமான்னு கேட்டுக்கிட்டிருந்திருக்கா.

—வாத்தியாருக்கு?

—இரு, வரேன். ஆங். ‘முடிஞ்சுதா? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே.’ அதான் அவர் சொன்னது. கீழ, ‘பணி ஓய்வுக்கு மறுநாளும் இதையேதான் சொன்னாராம்’னு ஒத்த வரி. அதுக்கு அடுத்தது லிஃப்ட் ரிப்பேர்காரர். ‘கதவத் தெறந்ததும் உள்ள மாட்டினவங்க இப்படித்தான் மூச்சு விடுவாங்க. நான் விட்டதில்ல.’

—மாத்திர போட்டீங்களான்னு கேட்டா தெரியாது. இதெல்லாம் மட்டும் எப்படிப்பா வரி மாறாம வருது?

—நல்லா எழுதினா நிக்கும்.

—என்னது பின்னாடி ஒரே சத்தம்?

—ஜன்னல் தெறந்திருக்கு.

—ஜன்னலா? வீட்ல தெறந்து வச்சிருக்கீங்களா? நம்பவே முடியல. உங்க ‘ப’ கூட கொஞ்சம் திரும்பி வந்திருக்கு. மொதல்ல ‘அப்பா’ன்னு சொன்னாலே காத்துதான் வந்துது.

—பாதி வந்திருக்கு. மீதி பாதி வாய் இன்னும் கோணல்தான். முகவாதம் போகும்போது சொல்லிட்டா போகும்?

—டாக்டர் சரியாகிடும்னாரே. நீங்கதான் வீடியோவும் போடறதில்ல, வாசல்லயும் நிக்கறதில்ல, கண்ணாடி மேல துண்டு. சாயங்காலம் போவீங்களா மாட்டீங்களா? எத்தன வருஷம் கழிச்சு அம்மா தன் பேரப் போட்டு ஒண்ணு பண்றாங்க. தனியாவா நிப்பாங்க?

—உங்கம்மா வான்னு கூப்பிடல.

—கூப்பிட மாட்டாங்கப்பா. எங்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? கடைசி ஃப்ரேம் உங்களுக்காம். ‘அவரா வந்து நின்னா எடுப்பேன். இல்லன்னா அது காலியாவே தொங்கட்டும், அதுவும் படந்தான்’னாங்க.

—நேத்து காலைல சவரம் பண்ணிக்கிட்டிருந்தேன். துண்டு தொங்கற கண்ணாடி முன்னாடி, தடவித் தடவி. அவ வாசப்படியில நிக்கறா. கையில கேமரா இல்ல, டம்ளர்தான். இந்தப் பக்கம் கொஞ்சம் விட்டுப்போச்சுன்னா. கோணப் பக்கத்த. சாதாரணமா, தையல்காரர் சம்சாரம் காலரச் சொல்லியிருப்பாங்களே, அந்த மாதிரி.

—ம்.

—எனக்கு அவர் ஞாபகம் வந்துது. அவருக்குக் கேக்க ஆளில்ல. எனக்கு ஆள் எதிர்லயே நிக்கறா, நான் துண்டு போட்டு மூடி வச்சிருக்கேன். எடுத்துட்டேன்.

—துண்டயா?

—துண்டத்தான். போய் கேமராவக் கொண்டான்னேன். வந்தா. எல்லாருக்கும் சொல்ற மாதிரியே எனக்கும் ஆரம்பிச்சா, ‘மூச்ச அடக்குங்க, அசையாதீங்க’ன்னு. நான் சொன்னேன், ‘மாசக்கணக்கா அதத்தானே பண்ணிக்கிட்டிருக்கேன்.’

—அப்பா...

—சிரிச்சுட்டா. நானும் சிரிச்சேன். ஒரு பக்கந்தான் சிரிச்சுது.

—எடுத்தாங்களா? அந்த ஃப்ரேம்? அப்பா, நீங்க இப்ப எங்க இருக்கீங்க?

—நூலகத்துலதான், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வந்தாச்சு. சொல்றேன், எழுதிக்கோ. வாத்தியார் எல்லாத்தையும் படிச்சு எழுத்துப்பிழை தேடினார், ஒண்ணும் கெடைக்கல, கோவமா உக்காந்திருக்கார். லிஃப்ட்காரர் படியேறித்தான் வந்தார். தையல்காரர் தன் படத்துக்கு முன்னாடி நின்னு காலரத் தொட்டுப் பாத்துக்கிட்டிருக்கார், உங்கம்மா போய்ச் சரி பண்ணி விடறா. காலி ஃப்ரேம் எதுவும் இல்ல, அதுக்குப் பக்கத்துலதான் நான் நிக்கறேன், எல்லாரும் படத்தையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்கறாங்க. வீடியோவப் போடறேன், கண்ணு. மூச்ச விடு.