மேடையில் சொன்ன தப்பு

நான் கல்லூரிக்குப் போகும் கறம்பக்குடி பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஓர் அம்மாவும் மகளும் இருந்தார்கள். மகள் மென்பொருள் எழுதுபவள், மாநாட்டு மேடைகளில் பேசுபவள் என்று அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்தது. அம்மாவின் குரல் திடீரென்று உயர்ந்தது.

“கம்பெனி கம்ப்யூட்டர்ல இருந்ததையெல்லாம் நாந்தான் அழிச்சேன்னு, நீயே மைக்கப் புடிச்சுச் சொன்னியாடி?”

“ஆமாம்மா. நானூறு பேரு இருந்தாங்க.”

“யாரும் கேக்காமயா?”

“எப்படி அழிஞ்சுச்சு, எப்படி மீட்டேன்னு சொன்னாத்தானே மத்தவங்க அதே தப்பப் பண்ண மாட்டாங்க? எல்லாரும் கை தட்டுனாங்க.”

“தப்புக்குக் கைதட்டா! நல்ல ஊருடி. நாளைக்குப் பொண்ணு பாக்க வாரவுக காதுல விழுந்தா என்னாகும்?”

“நான் பேசுன வீடியோவ, பாக்க வர்ற மாப்பிள்ளைக்கு நானே அனுப்பிட்டேன்.”

அம்மா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அடிப்பாவி! என்ன சொன்னாரு?”

“அவருக்கும் இதே வேலைதானே. அவரும் ஒரு தப்பப் பண்ணி ஒரு நாள் முழுக்க ஆபீஸையே நிறுத்திவச்ச கதைய எழுதி அனுப்பியிருக்காரு. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லையாம்.”

“அடி ஆத்தி! ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்தா எந்தக் கம்பெனி தாங்கும்?”