சல்லடைத் துணி பற்றி நான் முதலில் மறைத்தது

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளன. வயது அறுபத்தெட்டு. ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன், கையெழுத்துப் போடுவேன். மகள் வழியில் இரண்டு பேத்திகள்; மூத்தவள் வக்கீலுக்குப் படிக்கிறாள்.

மாத்திரைக் கம்பெனியில் மாவு சலிக்கும் அறையில் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். பெண்களுக்கான ஹார்மோன் மாத்திரை அது. கூட வேலை செய்த ஆண்களுக்கு மார்பு வீங்கியது. "என்னண்ணே, ரவிக்கை தைக்கக் குடுக்கட்டுமா?" என்று நாங்கள் கேலி பேசினோம். அதன் பிறகு ஆண்களை மட்டும் வேறு அறைக்கு மாற்றினார்கள். எங்களிடம் காரணம் சொல்லவில்லை.

தேய்ந்த சல்லடைத் துணியை எரித்துவிட வேண்டும். ஆனால் அது பூப்போல இருக்கும் என்பதால், எங்களில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் மற்றவர்கள் ஒளித்துச் சேர்த்துக் கொடுப்போம். என் மகனுக்குப் பதினாறு துண்டு கிடைத்தது. கொதிக்க வைத்தால் மெதுமை போய்விடும் என்று பச்சைத் தண்ணீரில் அலசி, ஒன்றரை வயது வரை அவன் இடுப்பில் கட்டினேன்.

அதன் பிறகு மூன்று வயதில் விதை இறங்கவில்லை என்று அவனுக்கு ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தை இல்லை. தெருக்குழாயில் நாலு பேர் முன்னால் மருமகளிடம், "எம் புள்ளைக்கு என்னடி கொறச்சல்? ஒன் வயித்தப் பாரு" என்றேன். அவள் வாளி நிரம்பும் வரை நின்று, எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் தாய் வீடு போனவள் திரும்பவில்லை.

அதன் பிறகு மகனைப் பரிசோதித்த டாக்டர், நான் பார்த்த வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு என்னிடம், "கைக்குழந்தையில அந்த மருந்து ஒடம்புல சேந்தா விதை சரியா வளராமப் போகலாம்மா. இதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. வீட்டுக்குள்ள அது எப்பவாவது வந்துச்சா?" என்றார். இல்லை என்றேன்.

என்னோடு சலித்த இரண்டு பேரின் மகன்களுக்கும் இதே குறை. அவர்கள் வழக்குப் போட்ட பிறகு, துணி வெளியே போனதா என்று முதல் விசாரணையில் என்னைக் கேட்டார்கள். ஒரு நூல்கூட எடுக்காதவள் என்று பேர் வாங்கியவள் நான், போகவில்லை என்றேன். அது பொய். அந்தப் பொய்யை வைத்துத்தான் கம்பெனி இப்போது தப்பிக்கப் பார்க்கிறது.

மகன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு இன்னும் தெரியாது.

எழுதியதை எழுத்தர் வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் ஏதும் இல்லை. ஒரு பிரதியை என் மருமகளின் தாய் வீட்டுக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். நேரில் கொடுக்க எனக்கு முகம் இல்லை.

(கையெழுத்து)