கடலில் நெளிந்த புள்ளி

"ஹலோ… டெனிஸ்ரன் அண்ணை? நான் நிலக்சனா, நெடுந்தீவிலயிருந்து… இல்லை, கலியாண அல்பம் இல்லை. சொல்லுறதைக் கேளுங்கோ. கடலுக்குப் போன இவரைக் காணேல்லை… ஓம், கிளின்ரன்தான். அஞ்சு மணிக்குக் கரைக்கு வாறவர். ஆறரைக்குப் போன் எடுத்து, எஞ்சின் நிண்டிட்டுது, நீரோட்டம் இழுக்குது எண்டவர். அதோட கட்."

மணி எட்டு. தெற்குக் கரையில், ஒரு கல்மதிலின் ஓரமாக நின்றாள் நிலக்சனா. கணவனின் கூட்டாளி சதீசன் தன் அண்ணனோடு சேர்ந்து படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றான். இருந்த எண்ணெய் ஒருதடவை போய்வர மட்டுமே போதும். ஊர்காவற்றுறையில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் டெனிஸ்ரனோடுதான் அவள் நாலு வருடமாகக் கலியாணவீடுகளுக்குப் படம் எடுக்கப் போகிறாள். இருட்டில் படம் எடுக்க அவனைவிட்டால் ஆளில்லை.

"நேவிக்குச் சொல்லியாச்சு, வருகினமாம்… அவரிட்ட ஒரு சின்ன ரோச் லைற் இருக்கு அண்ணை. கண்ணுக்குத் தெரியாதது கமராவில விழும் எண்டு சொன்னனீங்களெல்லே? எடுத்துப் பார்த்தன், ஒரே கறுப்பு… முக்காலியிலதான். ஓம், காத்து ஆட்டுது… சரி, பாரத்துக்குப் பையை நடுவில கொழுவிறன்… கமரா வாரையும் கழட்டியாச்சு… ஐம்பது லென்ஸ், முழுக்கத் திறந்து… ஐஎஸ்ஓ மூவாயிரத்து இருநூறு. பத்துச் செக்கன்… விரலால அமத்தக் கூடாதோ? ரைமரில விடுறன்."

உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"ஓட்டோ ஃபோகஸ் பிடிக்குதில்லை, முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுது… கையாலயோ? எந்த நட்சத்திரம்? உந்தப் பெரிய வெள்ளியோ?… பொறுங்கோ, திரையில பெருப்பிக்கிறன்… சின்னனாகுது… இன்னும்… ஊசிமுனை மாதிரி வந்திட்டுது. ஓம், ஓம், இனித் தொடமாட்டன்."

பத்துச் செக்கன் பத்து நிமிடம்போல நீண்டது.

"விழுந்திருக்கு அண்ணை! தண்ணிக்குக் கிட்ட மூண்டு புள்ளி… எது அவர் எண்டு எப்பிடித் தெரியும்?… கமராவைக் கொஞ்சம் திருப்பி இன்னொண்டோ? சரி… சதீசன், கத்தாதையும்! நீர் மேற்கு எண்டுறீர், உங்கட அண்ணை கிழக்கு எண்டுறார், ரெண்டு பக்கமும் போக எண்ணெய் இருக்கே?… இல்லை, உங்களைச் சொல்லேல்லை அண்ணை."

இரண்டாவது படம் திரையில் வந்தது.

"ஒண்டு இழுபட்டுக்கிடக்கு… ஓம், அது வெள்ளி. மற்றது கமராவைத் திருப்பியும் திரையில அதே இடத்தில நிக்குது… ஆ, அது கமராவின்ர குறை. மூண்டாவது… அண்ணை, மூண்டாவது புழு மாதிரி நெளிஞ்சிருக்கு. மேலயும் கீழயும்… அலையில ஆடுறதோ?… வேற ஆக்களின்ர படகெண்டா? நான் பிழையெண்டா?"

அவள் இரண்டு படங்களையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இல்லை. அதுதான். நான் சொல்லுறன்… போன்ல திசைகாட்டி பார்க்கிறன், லென்ஸுக்கு நேர வைக்கிறன்… சதீசன்! இருநூத்திப் பத்து டிகிரி. அங்கால இஞ்சால திரும்பாமல் போம்!"

எஞ்சின் சத்தம் தேய்ந்து மறைந்தது. அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் படம் எடுத்தாள். சதீசனின் விளக்கு தடித்த கோடாகப் புள்ளியை நோக்கி நீண்டது. முக்கால் மணித்தியாலம் போயிற்று.

"லைன்ல நிக்கிறன் அண்ணை… கோடு கிட்டப் போயிட்டுது… பொறுங்கோ. சின்னதைக் காணேல்லை. அண்ணை, அது இல்லை. அணைஞ்சிட்டுது… பற்றரி முடிஞ்சிருக்கும் எண்டு சும்மா சொல்லாதேங்கோ!… இன்னொரு போன் கோல் வருது. சதீசன்… எடுக்கப் பயமாக் கிடக்கு… ஓம். ஓம், வைக்கிறன்."

அடுத்த அழைப்பை எடுத்தாள்.

"ஹலோ… சதீசன், சொல்லும்… ஆர்?… இஞ்சருங்கோ…"

மறுமுனையில் கிளின்ரனின் குரல். போனைக் காதோடு அழுத்தியபடி மதிலடியில் உட்கார்ந்தாள்.

"ஓம், நான்தான்… ஓம்… இல்லை, அழேல்லை. தண்ணி குடிச்சனீங்களோ?… பிறகு கதைக்கலாம். முதல்ல குடியுங்கோ. கேக்குதோ? குடி—"

லைன் அறுந்தது.