கம்பு பூக்கும் மாதத்து மாப்பிள்ளை

"மாப்பிள்ளை கண்ணு செவந்ததுக்குக் கம்புப் பூதான் காரணம்னு சொன்னா, நம்புததுக்கு நான் என்ன கேனச்சியா?"

விளாத்திகுளத்திலிருந்து கோவில்பட்டி வரும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த அம்மாள் கணவரிடம் கேட்டது இது. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கார்த்திகை மாதம். சாலையின் இருபுறமும் கம்பு பூத்திருந்தது.

"ஏட்டி, அவருக்குக் காய்ச்சல் இல்ல. மூக்குல சளி கெட்டியா இல்ல, தண்ணியாத்தான் ஒழுகுது. கண்ணு அரிக்குது, அடுக்கடுக்காத் தும்முதாரு. பூத்தூள் ஒத்துக்கிடலைன்னு டாக்டரே சொல்லிருக்காராம்."

"தண்ணி போட்டாலும் கண்ணு செவக்கும்."

"எல்லாரையும் அப்படிச் சொல்லிர முடியுமா?"

"நீங்களும் இத்தன வருசமா கம்புப் பூன்னுதான் சொல்லுதீங்க. கம்பு கார்த்திகையிலதான் பூக்கும். ஒங்க கண்ணு சித்திரையிலயும்லா செவக்கு?"

பணிக்காலம் முழுவதும் ஊழியர்களின் மருத்துவச் சான்றிதழ்களைச் சரிபார்த்தவன் நான். இப்படி ஒரு கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

கணவர் தொண்டையைச் செருமினார். "இப்ப என்னதான் செய்யச் சொல்லுத?"

"தையில கம்பு அறுத்து முடியட்டும். சொல்லாமக் கொள்ளாம நான் போய்ப் பாப்பேன். கண்ணு வெளுத்திருந்தா பொண்ணக் குடுப்போம்."

"செவந்திருந்தா?"

"ஒங்களுக்கு ஒரு கூட்டாளி கெடைப்பாரு. அவருக்குப் பொண்ணு கெடைக்காது."

அவர் சன்னல் பக்கம் திரும்பி, கம்பங்காட்டுக் காற்றை மூக்கு நிறைய இழுத்தார். மறுபடியும் இழுத்தார். கோவில்பட்டி வந்து சேரும்வரை அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.