ஒரே எண்

பழைய இரும்பைச் சுத்தம் செய்யும்போது அவசரப்படக் கூடாது. நிறையப் பேர் கம்பித் தூரிகையை எடுத்துத் தேய்த்துவிடுகிறார்கள். துருவோடு சேர்ந்து எழுத்தும் போய்விடும். நான் மண்ணெண்ணெயில் இரண்டு வாரம் ஊறவைப்பேன். பிறகு பருத்தித் துணி, கடைசியில் மரக்குச்சி. என் பொருட்களை எடுத்துப்போன உங்கள் ஆட்களிடம் இதைச் சொல்லிவையுங்கள், மேடம். ஒருவன் கையுறைகூட இல்லாமல் தொட்டான்.

நீங்கள் வில்னிஸைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் கடைசி நாள்வரை நடந்த நம் குர்செமே காடுகளில் எங்கே தோண்டினாலும் ஜெர்மன் இரும்பு வரும். உங்கள் வீட்டிலும் யாராவது ஜெர்மன் ஹெல்மெட்டில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருப்பார்கள். நானும் வில்னிஸும் பத்தொன்பது வருடம் சேர்ந்து தோண்டினோம். எனக்குக் கொதிகலன் நிலையத்தில் இரவு வேலை. காலையில் வேலை முடிந்து வெளியே வந்தால் அவன் வண்டியோடு நிற்பான். அவன் மனைவி ரஸ்மா கம்பு ரொட்டியில் பன்றிக்கொழுப்பு வைத்து இரண்டு பொட்டலம் கட்டித் தருவாள். ஒன்று எனக்கு. என் மனைவி என்னை விட்டுப் போன பிறகு என் காலைச் சாப்பாடு அதுதான். அவன் நல்லவன் என்பதை நான் மறுக்கவில்லை.

எங்களுக்குள் ஒரு விதி இருந்தது. இரும்பு, கண்டெடுத்தவனுக்கு. எலும்பு வந்தால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, போரில் செத்தவர்களை எடுத்து அடக்கம் செய்யும் கல்லறைக் குழுவுக்குத் தகவல் சொல்ல வேண்டும். எலும்போடு கிடப்பது எலும்போடுதான் போக வேண்டும், முக்கியமாகக் கழுத்தில் தொங்கிய அடையாளத் தகடு. அதிலிருக்கும் எண்ணை வைத்துத்தான் ஜெர்மனியில் ஆளைக் கண்டுபிடிப்பார்கள், கல்லில் பெயர் வெட்டுவார்கள். தகடு இல்லையென்றால் ‘பெயர் தெரியாத வீரன்’ என்று முடிந்துவிடும்.

அந்த விதியை நான் எப்போதும் மதித்தேன் என்று சொல்ல மாட்டேன். என் பிஸ்கட் டப்பாவில் முப்பத்தொரு தகடுகள் இருந்தன. செத்தவனுக்குப் பெயர் எதற்கு? என்னிடம் அவை வெல்வெட் துணிமேல் கிடந்தன. மண்ணைவிட அது மேல்.

ஆனால் என் சேகரிப்பு என்றால் அது அந்த லூகர் கைத்துப்பாக்கிதான். இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். லூகரின் ஒவ்வொரு பாகத்திலும் ஒரே எண் அடித்திருப்பார்கள். குழலில், விசையில், சின்னஞ்சிறு ஆணியில்கூட. எண்கள் எல்லாம் ஒத்துப்போனால் அது முழுத் துப்பாக்கி. ஒன்று மாறினாலும் வெறும் உதிரிபாகக் குவியல். என்னுடையது 4471. எல்லாம் ஒத்துப்போனது, தோட்டாக்கள் அடுக்கும் மேகசின் தவிர. அது தொலைந்திருந்தது. பதினோரு வருடம் சந்தைகளில், காடுகளில், செத்துப்போன சேகரிப்பாளர்களின் வீடுகளில் தேடினேன்.

வில்னிஸுக்கு அது வேடிக்கை. "என்னடா கைடிஸ், உன் கிழவிக்கு இன்னும் பல்லு கட்டலையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பான். நானும் சிரிப்பேன். சிரிப்பது கஷ்டமில்லை.

அந்தச் செப்டம்பர் ஞாயிறு காலை ஏரிக்குப் பின்னாலிருக்கும் பதுங்குகுழியைத் தோண்டினோம். முழங்கால் ஆழத்தில் வில்னிஸுக்கு எலும்பு தட்டுப்பட்டது. முழு ஆள். கழுத்தில் தகடு. இடுப்பில் மக்கிய தோலுறை. அதற்குள் துப்பாக்கி இல்லை, மேகசின் மட்டும் இருந்தது. அதன் அலுமினிய அடிப்பக்கத்தில் வெள்ளைப் பொருக்கு. வில்னிஸ் எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்தான். எண் தெரிந்தது.

4471.

நான் உட்கார்ந்துவிட்டேன். என் லூகர் பையில்தான் இருந்தது. தோண்டப் போகும்போதெல்லாம் துணியில் சுற்றி எடுத்துப்போவேன். இந்தக் காடுதான் அதன் ஊர்.

"குடு," என்றேன்.

"பொறு பொறு. எலும்போட கெடந்தது. விதி தெரியும்ல? சனிக்கிழமை குழுவோட வண்டி வருது, மொத்தமாக் குடுத்துடலாம்."

"பதினோரு வருஷம், வில்னிஸ்."

"தெரியும்டா. ஆனா இது உன்னோடது இல்ல. எண்ணுக்குக் கீழ பாரு, d போட்டிருக்கு. உன்னோடதுல a தானே?"

அதையும் விளக்கிவிடுகிறேன். தொழிற்சாலையில் பத்தாயிரம் வரை எண் போட்டதும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். அப்போது கீழே இருக்கும் சிறிய எழுத்தை மாற்றுவார்கள். அதனால் ஒரே வருடத்தில் 4471 என்று பல துப்பாக்கிகள் இருக்கும். எழுத்துதான் பிரித்துக் காட்டும். இது எனக்குத் தெரியாததில்லை. அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். ஆனால் எனக்கு அங்கே பொருக்குதான் தெரிந்தது.

"பொய் சொல்ற," என்றேன்.

"எனக்கு என்னடா லாபம்?" அவன் தகட்டையும் மேகசினையும் கைக்குட்டையில் சேர்த்து முடிந்துகொண்டான். "உன் டப்பாவுல ஏற்கனவே முப்பத்தொரு பேர அடைச்சு வெச்சிருக்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? வாய மூடிட்டுத்தான் இருந்தேன். இவனாவது பேரோட வீட்டுக்குப் போகட்டும். சரி, ரொட்டியை எடு, பசிக்குது."

சொல்லிவிட்டு மண்டையோட்டைச் சுற்றி மண்ணை ஒதுக்கக் குனிந்தான்.

ஏன் சுடவில்லை என்று உங்கள் உதவியாளர் கேட்டார். எண்பது வருடமாகச் சுடாத துப்பாக்கி அது. ஒரு தடவை சுட்டால் குழலுக்குள் கீறல் விழும். மண்வெட்டியால் அடித்தேன். அதுவும் ராணுவ மண்வெட்டிதான், ஆனால் அந்த வகையில் என்னிடம் நான்கு இருக்கின்றன. முதல் அடியில் அவன் திரும்பிப் பார்த்தான். கோபமாக இல்லை, யாரோ தெரியாமல் இடித்துவிட்டதைப் போலப் பார்த்தான். அதனால் இன்னும் இரண்டு தேவைப்பட்டன.

அவனை அந்த ஜெர்மானியனுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தேன். அவனுடைய அடையாளத் தகடு என் டப்பாவுக்குப் போனது, முப்பத்திரண்டாவது. வில்னிஸின் ஓட்டுநர் உரிமம் முப்பத்துமூன்றாவது. உங்கள் பட்டியலில் அதைத் தனியாகக் குறித்திருக்கிறீர்கள். தேவையில்லை, அதுவும் அந்த வரிசைதான். பிறகு இரண்டு ரொட்டிப் பொட்டலங்களையும் சாப்பிட்டேன். வீணாக்க மனம் வரவில்லை.

அவன் வண்டியைத் துறைமுகத்துக்கு ஓட்டிப்போய் அங்கேயே விட்டுவிட்டுப் பேருந்தில் திரும்பினேன். வேறு ஊர்க்காரனாக இருந்தால் நீங்கள் இன்றுவரை தேடிக்கொண்டிருப்பீர்கள். குழியை மூடியதும் பைன் கிளை ஒன்றை ஒடித்து, பின்பக்கமாக நடந்தபடி மணலை வாரிவிட்டேன், கோடு கோடாக, என் காலடி தெரியாமல். என் அம்மாவின் கல்லறையில் வாருவதும் அப்படித்தான், எல்லோர் கல்லறையிலும் அப்படித்தான். தடயத்தை மறைக்க நினைத்துச் செய்யவில்லை. ஒரு ஆளைப் புதைத்துவிட்டு மணலைக் கலைந்தபடி விட்டு வர முடியவில்லை, அவ்வளவுதான். மறுநாள் காளான் பறிக்க வந்த பெண், நடுக்காட்டில் வாரிய மணலைப் பார்த்ததும் கீழே யாரோ இருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டாள். நம் ஊரில் குழந்தைக்குக்கூட அது புரியும்.

ரஸ்மா என்னிடம்தான் முதலில் வந்தாள். "அவர் உங்கூடத்தானே வந்தாரு?" என்றாள். அன்று தூங்கிவிட்டேன் என்றேன். அவள் கையில் அன்றைக்கும் பொட்டலம் இருந்தது. கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

மேகசினை இரண்டு வாரம் ஊறவைத்தேன். நீங்கள் கதவைத் தட்டிய காலையில்தான் மரக்குச்சியால் பொருக்கை எடுத்து முடித்தேன். எழுத்து வெளியே வந்தது. உங்கள் நிபுணர் அதை d என்று எழுதியிருக்கிறார். பூதக்கண்ணாடியில் சரியாகப் பார்க்கச் சொல்லுங்கள். வட்டம் இருக்கிறது, அது a. மேலே நீண்டிருக்கும் கோடு தொழிற்சாலையில் அடித்தது இல்லை.

ஆமாம், வில்னிஸைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். துப்பாக்கியையும் மேகசினையும் மட்டும் இரண்டு பைகளில் பிரித்து வைக்காதீர்கள். அந்தக் கோடு அவன் மண்வெட்டி பட்ட கீறல். தோண்டும்போது அவன் எப்போதுமே கொஞ்சம் அவசரக்காரன்.