ஒலியை முந்திய பெரியக்காவுக்குப் பட்டறையார் வாசித்தளித்த மடல்

வானத்தை வகுப்பறையாக்கிய வண்மையே! கூர்மூக்கும் குறுஞ்சிறகும் கொண்ட கோமகளே! இடியாய் இரைந்தாலும் இம்மியும் வஞ்சமில்லா இரட்டை எஞ்சின் இளவரசியே! ஊரார் வீட்டுக் கண்ணாடிகளின் ஒரே எதிரியே! எங்கள் பெரியக்காவே! எண்ணெய் படிந்த கைகளை அவசரமாகத் துடைத்துக்கொண்டு இந்தப் பட்டறையில் கூடி நிற்கும் தங்கள் தம்பி தங்கைகளின் வணக்கத்தை ஏற்றருள்க!

இம்மடலை எழுதும் பொறுப்பு உதிரிபாகக் கிடங்குக்காரனாகிய என் தலையில் விழுந்தது. "உனக்குத்தான்யா எதையும் அடுக்கி வைக்கத் தெரியும், வார்த்தையையும் அடுக்கிக் குடு" என்று தலைமை மெக்கானிக் சொல்லிவிட்டார். நேற்றே எழுதி முடித்து, கண்ணாடிச் சட்டம் போடவும் கடையில் கொடுத்தாயிற்று. இன்று காலை தாங்கள் செய்த காரியத்தால் பாதியைக் கிழித்துப் போட்டு மறுபடி எழுத வேண்டியதாயிற்று. ஓய்வு பெறும் நாளிலாவது கொஞ்சம் அடங்கி இருக்கக் கூடாதா, அக்கா?

போர்க்களம் புகவே பிறந்த பெருமாட்டியே! ஒற்றை இருக்கையும் உள்ளங்கை அகல இறக்கையுமாய், எளிய விலையில் இனியதொரு போர்விமானமாகவே தங்களை முதலில் வரைந்தார்கள். வாங்குவாரில்லை. இன்னும் பெரியதாய், இன்னும் கனமாய் வேண்டும் என்று எல்லோரும் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அந்தக் காலத்தில்தான் ஒரு சங்கடம் வந்தது. மெதுவான பயிற்சி விமானத்தில் பழகிய பிள்ளைகள், ஒலியைவிட வேகமாகப் பறக்கும் போர்விமானத்தில் ஏறியதும் திக்குமுக்காடிப் போனார்கள். சிலர் திரும்பியே வரவில்லை. நடுவில் ஒரு படி வேண்டியிருந்தது. தங்கள் கழுத்தை நீட்டி, முதல் இருக்கைக்குப் பின்னால் வாத்தியாருக்கு இன்னொன்றைப் போட்டு, ஒலியை முந்தும் பயிற்சி விமானம் ஆக்கினார்கள். சண்டைக்கு அழைக்கப்படாத தாங்கள், சண்டைக்குப் போகிறவர்கள் அத்தனை பேரையும் உருவாக்கினீர்கள்!

பாடம் சொல்வதோடு விட்டார்களா? ஒத்திகைப் போரில் தாங்களே எதிரி. புதிய விமானம் சோதனைக்குக் கிளம்பினால் பக்கத்தில் துணைக்குப் பறப்பதும் தாங்களே. கல்யாண வீட்டில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்யும் மூத்த பெண்போல், முகம் கோணாமல் ஓடினீர்கள். கோபம் மட்டும் மூக்கு நுனியில்தான். தங்கள் இறக்கை விளிம்பில் நெற்றியை இடித்துக்கொள்ளாத மெக்கானிக் இந்தப் பட்டறையில் இல்லை. தழும்பைக் காட்டினால்தான் சம்பள உயர்வு என்று எங்களுக்குள் ஒரு கேலியே உண்டு.

இறங்கும்போது தாங்கள் காட்டும் வேகம் இருக்கிறதே, மற்ற விமானங்கள் அந்த வேகத்தில் தரையை விட்டு எழும்பியே விடும்! சிறகு சிறியது, வேகம் குறைந்தால் தாங்காது. ஆனால் தாங்கள் யாரையும் சொல்லாமல் கைவிட்டதில்லை. முதலில் இருக்கைக்கு அடியில் ஒரு பொடி நடுக்கம், அடுத்து முதுகில் ஒரு குலுக்கல், அதற்கும் கேட்காவிட்டால் உடம்பெல்லாம் ஓர் உதறல். "மீட்டரையே மொறைச்சுப் பாக்காதே, அக்கா முதுகுல பேசும், அதைக் கேளு" என்பதுதான் எங்கள் வாத்தியார் ஆண்டாண்டாய்ச் சொல்லிவரும் ஒரே பாடம்.

அந்தப் பாடம் ஏறாத கடைசி மாணவிதான் 'மீட்டர்'. பெற்றோர் வைத்த பெயர் வேறு. இது நாங்கள் வைத்தது. கண்ணை வேகம் காட்டும் முள்ளிலிருந்து எடுக்கவே மாட்டாள். இறங்கும் தேர்வில் இரண்டு முறை ஓடுபாதையில் தட்டித் துள்ளித் தோற்றாள். இன்று காலை, தங்கள் கடைசிப் பயணத்தில், அவளுக்கு மூன்றாவதும் கடைசியுமான வாய்ப்பு. இதிலும் தோற்றால் சரக்கு விமானத்துக்கு அனுப்பிவிடுவார்கள். போர்விமானம் என்ற பேச்சே இல்லை. அதற்காகவே வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவள் அவள். சண்டை போட்ட அம்மாவும் இன்று தங்கள் வழியனுப்பு விழாவுக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இனி நாங்கள் செய்ததைச் சொல்ல வேண்டும். தங்களுக்கு நேற்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பாலிஷ் போட்டோம். தங்கள் இரு விலாவிலும் மீட்டர்கள் மூச்சு விடும் துளைகள் உண்டு. உயரமும் வேகமும் அந்த வழியே வரும் காற்றை வைத்துத்தான் தெரியும். பாலிஷ் உள்ளே போகாமல் இருக்க அவற்றின்மேல் டேப் ஒட்டுவது வழக்கம். சிவப்பு டேப், மறக்காமல் பிரிக்க வால் தொங்கும். ஆனால் புகைப்படம் எடுக்கிறார்களாம், சிவப்பு அசிங்கமாக இருக்குமாம். வெள்ளி நிற டேப் கேட்டார்கள். கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுத்த புண்ணியவான் நான். வெள்ளி உடம்பில் வெள்ளி டேப்! இருந்த இடமே தெரியவில்லை. கிளம்புமுன் சுற்றிவந்து பார்த்த மீட்டருக்கும் வாத்தியாருக்கும் தெரியவில்லை.

தாங்கள் எழும்பினீர்கள். விழாவுக்காக ரேடியோவை ஒலிபெருக்கியில் இணைத்திருந்தோம். "சார், மேல போயிட்டே இருக்கோம், உயர மீட்டர் தரையிலயே நிக்குது" என்றது அவள் குரல். "போக மனசில்லாம நிக்குதோ என்னவோ" என்று வாத்தியார் சிரித்துக்கொண்டே அதைத் தட்டுவது கேட்டது. கூட்டம் கைதட்டியது. தலைமை மெக்கானிக் மட்டும் மெல்லத் திரும்பி, "அந்த டேப்பை யாருப்பா பிரிச்சீங்க?" என்றார். நான் இவனைப் பார்த்தேன், இவன் அவனைப் பார்த்தான். எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம்.

"ஏன் எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறீங்க?" என்று கேட்டார் மீட்டரின் அம்மா.

"மரியாதைக்கும்மா. அக்காவோட கடைசிப் பயணம் இல்லையா" என்றார் தலைமை மெக்கானிக். அந்த அம்மாவும் மரியாதையாக எழுந்து நின்றார்.

மேலே வேக மீட்டரும் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. போதாது போதாது என்றது முள். அதை நம்பி அவள் எஞ்சினை முடுக்கிக்கொண்டே போனாள். திடீரென்று ஊருக்கு மேல் ஒரு 'டமார்'! பறவைகள் சிதறின. தாங்கள் ஒலியைத் தாண்டியதை எந்த மீட்டரும் சொல்லவில்லை. தொலைபேசியில், மடலுக்குச் சட்டம் போடும் கடைக்காரர்தான் சொன்னார். வழக்கமாகப் புகார் கொடுப்பவர் அவர்தான். "யோவ், இன்னிக்கு உடைஞ்சது என் கண்ணாடி இல்ல, உங்க மடலோட கண்ணாடி!" என்று கத்தினார்.

இப்படி உள்ளேயுள்ள மீட்டர்கள் பழுதானால், பக்கத்தில் இன்னொரு விமானம் பறந்து வேகம் சொல்லி இறக்கிக் கொண்டுவருவது முறை. தங்கள் இடத்துக்கு வந்திருக்கும் புதியவர் இருக்கிறாரே, திரையும் கணினியும் வாய்ப்பேச்சுமாக. அவரை அனுப்பலாம் என்று ஓடினோம். அவருக்கு ஏதோ மென்பொருள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 'காத்திருக்கவும்' என்று திரை சொன்னது. எரிபொருள் காத்திருக்கவில்லை.

"சார், நீங்க இறக்குங்க. எனக்கு எதுவுமே தெரியல" என்றாள் மீட்டர்.

"பின்னாடி எனக்கும் அதே பொய்தாம்மா தெரியுது. அக்கா பொய் சொல்ல மாட்டா. முதுகால கேளு. நீயே இறக்கு" என்றார் வாத்தியார்.

தாங்கள் ஓடுபாதைக்கு நேராகத் திரும்பினீர்கள். "நடுங்குது சார்" என்றாள். "எங்கே?" என்றார். "இருக்கைக்கு அடியில. பொடியா." "அப்போ அவ்வளவுதான். அதுலயே வெச்சுக்கோ." பொடி நடுக்கம் முதுகுக்கு ஏறினால் கொஞ்சம் முடுக்கி, அடங்கினால் கொஞ்சம் விட்டு, தங்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டே அவள் வந்தாள். சக்கரம் தரையைத் தொட்டது. துள்ளவில்லை! எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. தலைமை மெக்கானிக் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார், நான் மூடாமலே அழுதேன்.

கீழே இறங்கியதும் வாத்தியார், "என்ன வேகத்துல இறக்கினே?" என்று கேட்டார்.

"தெரியல சார். அக்காவைத்தான் கேக்கணும்."

"பாஸ்" என்றார் அவர். அவள் அம்மா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை நேரமும் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். "மரியாதைன்னு சொன்னதை நான் நம்பலை" என்று தலைமை மெக்கானிக்கிடம் சொன்னார்.

பிழை பொறுத்த பெரியக்காவே! மூச்சை நாங்கள் அடைத்தோம். முதுகால் பேசி எங்கள் பெண்ணைக் காப்பாற்றிக் கொடுத்தீர்கள். இனி பட்டறை வாசல் மேடையில் காட்சிக்குத் தாங்கள் வீற்றிருக்கும் காலமெல்லாம் துருவேறாது, குருவி கூடு கட்டாது, சிறுவர் பெயர் கிறுக்காது, மழையும் வெயிலும் மெல்லத் தொட்டுப் போக, நீடூழி நிலைத்திருக்க வாழ்த்துகிறோம்! 'மீட்டர்' என்ற பட்டப்பெயரும் இன்றோடு தங்களுடன் ஓய்வு பெறுகிறது.

சட்டக்கடைக்காரர் வந்திருக்கிறார். வேறு கண்ணாடி போட்டுத் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றோம். மூலையிலிருந்து மூலைக்கு ஓடும் அந்த விரிசலுக்குக் கீழேதான் இம்மடல் இருக்கும். நாங்கள் எல்லோரும் கீழே கையெழுத்திட்டிருக்கிறோம். தாங்கள் மேலேயே போட்டுவிட்டீர்கள்.

இங்ஙனம்,
டேப்பை ஒட்டியவர்கள், பிரிக்க மறந்தவர்கள், எடுத்துக் கொடுத்தவன்,
வாத்தியார், தலைமை மெக்கானிக்,
இனிமேல் புகாருக்கு வழியில்லாத சட்டக்கடைக்காரர்,
மற்றும் தங்கள் கடைசி மாணவி, போர்விமானி.